ஆபீஸ் லேப்டாப் ஸ்டிக்கரைச் சுரண்டினால் குற்றமா? சட்டம் எழுதிய மெக்காலேவின் கதை

கம்பெனி கொடுத்த லேப்டாப்பைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். அடியில் கம்பெனி பெயர், ஒரு நம்பர், பார்கோடு என்று ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். கல்யாண மண்டபத்து அண்டாவில் மண்டபத்தின் பெயர் வெட்டியிருக்கும். நம்ம வீட்டு எவர்சில்வர் தூக்கில் தாத்தா பெயரோ, சீர் கொடுத்த அத்தை பெயரோ புள்ளி புள்ளியாகத் தெரியும். நூலகப் புத்தகத்தில் ரப்பர் ஸ்டாம்ப், சலவைக்குப் போன சட்டையின் காலரில் மை அடையாளம், ஆட்டின் காதில் ஒரு வெட்டு. இந்தப் பொருள் இன்னாருக்குச் சொந்தம் என்று காட்டுகிற அடையாளம் எதுவானாலும் சட்டத்தில் அதற்கு ஒரே பெயர்தான்: உடைமைக் குறி.

அந்தக் குறியை ஒருவர் வேண்டுமென்றே அழித்தால் என்ன ஆகும்? பாரதிய நியாய சன்ஹிதாவின் 346-வது பிரிவு அதற்காகவே இருக்கிறது. அடுத்தவருக்குத் தீங்கு விளைவிக்கும் நோக்கத்தோடு, அல்லது தீங்கு வரும் என்று தெரிந்தே, ஒரு உடைமைக் குறியை நீக்கினாலோ, அழித்தாலோ, சிதைத்தாலோ, அதில் எதையாவது கூடுதலாகச் சேர்த்தாலோ அதிகபட்சம் 1 ஆண்டு சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பொருளைத் திருடியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. குறியில் கை வைத்ததே குற்றம்.

இந்தப் பிரிவு 2024 ஜூலை 1-ல் இந்த எண்ணுக்கு வந்தது. அதற்கு முன்பு 162 ஆண்டுகளுக்கும் மேலாக ஐபிசி 489 என்ற பெயரில் இருந்தது. அதற்கும் பின்னால் போனால், 1837-ல் கல்கத்தாவில் எழுதி முடித்த ஒரு வரைவில் உடைமைக் குறிகளுக்கென்றே தனியாக ஓர் அத்தியாயம் இருக்கிறது. எழுதியவர் தாமஸ் பாபிங்டன் மெக்காலே.

ஆமாம், அதே மெக்காலேதான். ஆங்கிலக் கல்வி, கிளார்க் உற்பத்தி, காலனிய மனநிலை என்று எந்த விவாதம் வந்தாலும் முதலில் திட்டு வாங்குகிறவர். அவருடைய கல்விக் குறிப்பைப் பற்றிப் பேசாத ஆள் இல்லை. ஆனால் நம்ம அன்றாட வாழ்க்கையைக் கல்விக் குறிப்பைவிட அதிகமாகத் தொட்டது அவர் எழுதிய குற்றவியல் சட்டம்தான். அதைப் பற்றிப் பேச்சே கிடையாது.

சிப்பி ஓட்டு வேலி

மெக்காலே பிறந்தது 1800 அக்டோபர் 25, இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில், உறவினர் ஒருவரின் மாளிகையில். வளர்ந்தது லண்டனை ஒட்டிய கிளாப்பம் என்ற ஊரில். சின்ன வயதிலேயே பெரியவர்கள் மாதிரி பேசுகிற குழந்தை. நாலு வயதில் காலில் சூடான காபி கொட்டியபோது, வலி எப்படி இருக்கிறது என்று கேட்டவருக்கு, வேதனை தணிந்துவிட்டது என்கிற தொனியில் படு இலக்கியமாகப் பதில் சொன்னாராம்.

அதே வயதில் நடந்த இன்னொரு சம்பவம்தான் நமக்கு வேண்டியது. வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலத்தைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு, சுற்றிலும் சிப்பி ஓடுகளை அடுக்கி எல்லை போட்டு வைத்திருந்தார். வேலைக்காரப் பெண் குப்பை என்று நினைத்து எல்லாவற்றையும் வாரிக் கொட்டிவிட்டார். குட்டிப் பையன் நேராக வரவேற்பறைக்குப் போய், விருந்தாளிகள் முன்னால் நின்றுகொண்டு, அடுத்தவன் எல்லைக்குறியை அகற்றுகிறவன் சபிக்கப்பட்டவன் என்று பைபிளில் இருப்பதை எடுத்துச் சொல்லி அந்தப் பெண்ணுக்குச் சாபம் கொடுத்தார்.

இதை அவருடைய தங்கை மகன் ஜார்ஜ் ஓட்டோ ட்ரெவெல்யன் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் படிக்கலாம். சுவையான கதை. ஆனால் சட்டப்படி பார்த்தால் அந்தப் பெண் நிரபராதி. தீங்கு செய்யும் நோக்கம் அவருக்கு இல்லை. குப்பை என்று நினைத்தார், அவ்வளவுதான். இன்னொன்று, உடைமைக் குறி என்பது அசையும் பொருளுக்கு மட்டும்தான். நிலத்தின் எல்லைக்கல்லுக்கு வேறு பிரிவு. பின்னாளில் மெக்காலே எழுதிய சட்டமே குட்டி மெக்காலேவின் கேஸைத் தள்ளுபடி செய்திருக்கும்!

அப்பா பார்த்த குறிகள்

மெக்காலேவின் அப்பா ஸக்கரி, 16 வயதில் ஜமைக்காவுக்கு அனுப்பப்பட்டவர். கரும்புத் தோட்டத்தில் வேலை. பெயருக்குக் கணக்குப்பிள்ளை, செய்ததெல்லாம் கங்காணி வேலை. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகளை வேலை வாங்குவது.

அந்தக் காலத்து ஜமைக்காவில் அடிமை என்பவர் சட்டப்படி ஒரு பொருள். ஆடு மாடுகள், பீப்பாய்களைப் போலவே அவருக்கும் உடைமைக் குறி உண்டு. முதலாளியின் பெயரின் முதல் எழுத்தை உலோக அச்சாகச் செய்து, காய்ச்சி, தோளிலோ மார்பிலோ சூடு போடுவார்கள். யாராவது தப்பி ஓடிவிட்டால் பத்திரிகையில் விளம்பரம் வரும். எந்தத் தோளில் என்ன எழுத்து இருக்கிறது என்று அதில் அடையாளம் சொல்வார்கள். நாம் தொலைந்துபோன பைக்கின் நம்பரைக் குரூப்பில் போடுவதைப் போல.

ஸக்கரி கொஞ்ச காலத்தில் அங்கிருந்து வெளியேறினார். அதன் பிறகு வாழ்நாள் முழுவதும் அடிமை வியாபாரத்துக்கு எதிரான வேலைதான். விடுதலை பெற்ற அடிமைகளுக்காக உருவாக்கப்பட்ட சியரா லியோன் குடியிருப்பின் ஆளுநராக இருந்தார். அடிமைக் கப்பல் ஒன்றில் தானே பயணம் செய்து, உள்ளே நடப்பதைக் குறித்து வைத்தார். நாடாளுமன்றத்தில் பேசிப் புகழ் பெற்றவர் வில்பர்ஃபோர்ஸ். அவருக்குத் தகவல்களைத் தேடித் தொகுத்துக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஸக்கரி. 1807-ல் அடிமை வியாபாரம் தடை செய்யப்பட்டது. 1833-ல் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வந்தது.

அந்த 1833 சட்டத்தில் மகனுக்கும் ஒரு சோதனை வந்தது. அப்போது மெக்காலே ஆளுங்கட்சி எம்.பி., அரசில் சின்னப் பொறுப்பிலும் இருந்தார். விடுதலையான அடிமைகள் பழைய முதலாளியிடமே பல ஆண்டுகள் பயிற்சியாளர் என்ற பெயரில் வேலை செய்ய வேண்டும் என்று மசோதா சொன்னது. மெக்காலேவால் அதை ஏற்க முடியவில்லை. குடும்பமே அவர் சம்பளத்தை நம்பியிருந்த நேரத்தில் ராஜினாமா செய்ய முன்வந்து, சொந்த அரசின் மசோதாவுக்கு எதிராகப் பேசினார். ராஜினாமா ஏற்கப்படவில்லை. 12 ஆண்டு என்று இருந்தது 7 ஆண்டாகக் குறைந்தது.

10,000 பவுண்டு வேலை

நடுவில் கேம்பிரிட்ஜ் படிப்பு. கணக்கு சுத்தமாக வராது, கவிதைக்கு இரண்டு முறை தங்கப் பதக்கம். 1825-ல் எடின்பரோ ரெவ்யூ இதழில் மில்டனைப் பற்றி எழுதிய கட்டுரையால் ஒரே நாளில் பிரபலம். வக்கீலாகப் பதிவு செய்தாரே தவிர, கேஸ் நடத்தியது மிகக் குறைவு. இந்தியாவுக்கே குற்றவியல் சட்டம் எழுதியவர் நீதிமன்றத்தில் அதிகம் நின்றதில்லை என்பது கொஞ்சம் ஆச்சரியம்தான். 1830-ல் எம்.பி. ஆனார், வாக்குரிமைச் சீர்திருத்த விவாதத்தில் பேசிய பேச்சுகளால் நாடறிந்த பேச்சாளர் ஆனார்.

ஆனால் கையில் காசு இல்லை. சமூக வேலையிலேயே மூழ்கிய அப்பாவின் வியாபாரம் நொடித்துப் போயிருந்தது. தம்பி தங்கைகளின் பொறுப்பு இவர் தலையில். பணமுடையில் கேம்பிரிட்ஜில் வாங்கிய தங்கப் பதக்கங்களையே விற்றார். அந்த நேரத்தில்தான் இந்திய கவர்னர் ஜெனரலின் கவுன்சிலில் சட்ட உறுப்பினர் என்ற புதிய பதவி உருவானது. சம்பளம் ஆண்டுக்கு 10,000 பவுண்டு. சில ஆண்டுகள் வேலை பார்த்துப் பாதியைச் சேமித்தால் குடும்பக் கவலை தீரும். கல்ஃப் வேலைக்குக் கிளம்புகிற நம்ம ஊர் அண்ணன்களின் கணக்கு எதுவோ, அதே கணக்குதான். தங்கை ஹன்னாவை அழைத்துக்கொண்டு கப்பல் ஏறினார்.

1834 ஜூன் 10. கப்பல் வந்து நின்ற இடம் மெட்ராஸ். கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் உடல்நிலை காரணமாக ஊட்டியில் இருந்ததால், மெக்காலேவும் அங்கே வரச் சொல்லி உத்தரவு. ஹன்னாவைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டு இவர் பல்லக்கில் கிளம்பினார். ஆற்காடு, பெங்களூரு, ஸ்ரீரங்கப்பட்டணம், மைசூர் வழியாகச் சுமார் 400 மைல், மனிதர்களின் தோள்மேல். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கொஞ்சம் நின்று பார்த்தார். காரணம் குடும்பக் கதை. அவருடைய பெரியப்பா காலின் மெக்காலே அங்கே சிறையில் இருந்தவர். பின்னாளில் திருவிதாங்கூரின் ரெசிடெண்டாக வந்து, வேலுத்தம்பி தளவாயோடு மோதியவரும் அதே காலின் மெக்காலேதான்.

ஊட்டியில் மழைக்காலம் முழுக்க இருந்தார். வெளியே போக முடியாத மழை. கையில் இருந்த கிளாரிஸா என்ற பெரிய நாவலைக் கொடுக்க, கவர்னர் ஜெனரல் மனைவியில் ஆரம்பித்து மொத்த வெள்ளைக்கார ஊட்டியும் பாகம் பாகமாக அடித்துப் பிடித்துப் படித்ததாம். இந்தியத் தண்டனைச் சட்டம் ஊட்டியில் எழுதப்பட்டது என்று டூரிஸ்ட்டுகளிடம் சொல்லப்படுவது உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் தேதி ஒத்துவரவில்லை. மெக்காலே செப்டம்பரிலேயே மலையிறங்கிவிட்டார். சட்ட ஆணையத்தின் வேலை தொடங்கியது 1835-ல், கல்கத்தாவில்.

வாட்ஸ்அப் மெக்காலே

1835 பிப்ரவரி 2-ல் கல்விக் குறிப்பை எழுதினார். ஐரோப்பிய நூலகத்தின் ஒரே ஒரு அலமாரித் தட்டுக்கு ஈடாகாது என்று இந்திய, அரபு இலக்கியங்கள் மொத்தத்தையும் ஒதுக்கிவிட்டார். அவருக்கு சமஸ்கிருதமும் தெரியாது, அரபும் தெரியாது. தமிழைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். படிக்காத புத்தகங்களுக்கு மதிப்பெண் போட்ட அகங்காரம் அது. அதற்கு வக்காலத்து வாங்க முடியாது.

ஆனால் அவர் பெயரில் இன்னொன்றும் சுற்றுகிறது. இந்தியாவில் ஒரு பிச்சைக்காரனைக்கூடப் பார்க்கவில்லை, இந்த நாட்டின் முதுகெலும்பை உடைக்க வேண்டும் என்று 1835 பிப்ரவரி 2-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அவர் பேசியதாக ஒரு ஃபார்வர்டு. உங்களுக்கும் வந்திருக்கும். அந்தத் தேதியில் அவர் கல்கத்தாவில் இருந்தார், லண்டனில் அல்ல. வேறொருவரின் சரக்கில் அவருடைய முத்திரையைக் குத்தி விற்கிறார்கள். பொருளாக இருந்திருந்தால் அவர் எழுதிய அத்தியாயத்திலேயே கேஸ் போட்டிருக்கலாம்.

மூன்று மாகாணம், மூன்று தண்டனை

அப்போதைய இந்தியாவில் குற்றவியல் சட்டம் என்று ஒன்று இல்லை, பல இருந்தன. மெட்ராஸ், பம்பாய், கல்கத்தா நகரங்களுக்குள் ஆங்கிலச் சட்டம். நகரத்தைத் தாண்டினால் முகலாயர் காலத்து இஸ்லாமியக் குற்றவியல் சட்டம், அதன்மேல் கம்பெனி அரசு ஒட்டுப்போட்ட ரெகுலேஷன்கள். அந்த ஒட்டும் மாகாணத்துக்கு மாகாணம் வேறு. வங்காளத்தில் பெரிய போலி ஆவணக் குற்றத்துக்கு, பொய்ச்சாட்சிக்கு உரியதைப்போல இரண்டு மடங்கு சிறை. பம்பாயில் அப்படியே தலைகீழ். மெட்ராஸில் இரண்டுக்கும் ஒரே தண்டனை. ஒரே கம்பெனியின் ஆட்சிதான், ஆனால் எந்த ஊரில் மாட்டினோம் என்பதைப் பொறுத்துத் தலையெழுத்து.

இதை ஒரே சட்டமாக்கச் சட்ட ஆணையம் அமைக்கப்பட்டது. தலைவர் மெக்காலே. மெட்ராஸ் மாகாணத்திலிருந்து மெக்லியாட், பம்பாயிலிருந்து ஆண்டர்சன், கூடவே கேமரன். இலங்கையின் நிர்வாகத்தை மாற்றியமைத்த கோல்புரூக் - கேமரன் ஆணையத்தில் வருகிறாரே, அந்தக் கேமரன்தான். மற்றவர்கள் மாறி மாறி நோயில் விழ, பெரும்பகுதி வேலை மெக்காலே தலையில் விழுந்தது. 1837-ல் 26 அத்தியாயங்கள், 488 பிரிவுகளோடு வரைவு தயார்.

இந்த வரைவில் இருந்த புதுமை, உதாரணங்கள். ஒவ்வொரு விதிக்கும் கீழே ஒரு குட்டிக் கதை. ஏ என்பவர் பாக்கெட்டில் நாய்க்குப் பிடித்த தீனியை வைத்துக்கொண்டு இசட் என்பவரின் நாயைத் தன் பின்னால் வரவைத்தால், அது திருட்டு. நாய் கிளம்பிய நொடியிலேயே திருட்டு முடிந்துவிட்டது. அந்த நாய் இன்னும் புதிய சட்டத்தில் ஏ-யின் பின்னால் நடந்துகொண்டிருக்கிறது.

சரி, உடைமைக் குறிக்கு எதற்குத் தனி அத்தியாயம்? திருட்டு, மோசடி, போலி ஆவணம் என்று ஏற்கெனவே குற்றங்கள் இருக்கின்றனவே என்று தோன்றலாம். ஒரு துறைமுகக் கிடங்கை மனசில் வைத்துக்கொண்டு யோசித்தால் விடை கிடைக்கும். ஒரே மாதிரி நூறு மூட்டைகள். எது யாருடையது என்று சொல்வது மேலே இருக்கும் குறி மட்டும்தான். உங்கள் மூட்டையின் குறியை ஒருவன் அழித்துவிடுகிறான். மூட்டை இருந்த இடத்திலேயே இருக்கிறது. அவன் எடுத்துப்போகவில்லை, அதனால் திருட்டு இல்லை. இன்னும் யாரையும் ஏமாற்றவில்லை, அதனால் மோசடி இல்லை. மூட்டைமேல் இருக்கும் ஒரு முக்கோணக் குறியைப் பத்திரம் என்று சொல்வதும் கஷ்டம், அதனால் போலி ஆவணமும் இல்லை. ஆனால் அது என்னுடையது என்று நிரூபிக்க உங்களிடம் இப்போது எதுவும் இல்லை. அந்த ஓட்டையை அடைப்பதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

ஆற்றில் மிதக்கவிட்ட மரக்கட்டைகளுக்கும் இதே கதைதான். கட்டையில் சுத்தியலால் அடித்த குறியைச் செதுக்கிவிட்டால் கட்டைக்கு அப்பா அம்மா கிடையாது. இதனால்தான் மரத்துக்கு மட்டும் பின்னாளில் தனி விதியே வந்தது. 1927 இந்திய வனச் சட்டத்தின் 63-வது பிரிவு, மரக்குறிகளைச் சிதைத்தால் 2 ஆண்டு வரை சிறை என்கிறது.

அப்பாவின் ஜமைக்கா கதை மகனின் வரைவில் எங்கேயாவது தெரிகிறதா என்று தேடினால், உடைமைக் குறி அத்தியாயத்தில் இல்லை. வேறு இடத்தில் இருக்கிறது. 1833 அடிமை ஒழிப்புச் சட்டம் கம்பெனி ஆண்ட இந்தியாவுக்குப் பொருந்தாது என்று விலக்கப்பட்டிருந்தது. தஞ்சை வயல்களிலும் மலபாரிலும் பண்ணை அடிமைகள் இருந்தார்கள். நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டார்கள். மெக்காலேவின் ஆணையம் அடிமை முறையை நேரடியாக ஒழிக்கவில்லை. ஆனால் அடித்தவர் எஜமான், அடிபட்டவர் அடிமை என்ற காரணத்துக்காக எந்தக் குற்றத்துக்கும் விலக்கு கிடையாது என்று பரிந்துரைத்தது. அதாவது, சூடு போடுவது காயப்படுத்தல் குற்றம்; என் சொத்தில் நான் குறி போட்டேன் என்று எஜமான் சொல்ல முடியாது. 1843-ல் வந்த 5-வது சட்டம் இந்திய நீதிமன்றங்களில் அடிமை உரிமையை அங்கீகரிப்பதையே நிறுத்தியது.

தூங்கிய வரைவு

மெக்காலே கல்கத்தாவில் இருந்தபோது அங்குள்ள ஆங்கிலேயர்களுக்கே அவரைப் பிடிக்காது. மாவட்டங்களில் இருக்கும் ஆங்கிலேயரும் சிவில் வழக்குகளில் இந்தியர்கள் போகும் அதே நீதிமன்றங்களுக்குத்தான் மேல்முறையீட்டுக்குப் போக வேண்டும் என்று 1836-ல் சட்டம் கொண்டுவந்தார். அவர்கள் அதைக் கறுப்புச் சட்டம் என்று பெயர் வைத்துப் பத்திரிகைகளில் அவரைக் கிழித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் அந்தப் பத்திரிகைகளுக்கு உரிம முறையிலிருந்து விடுதலை தந்த சட்டத்தை அவரே எழுதியிருந்தார். திட்டு வாங்கிய பிறகும் அதைத் திரும்பப் பெறச் சொல்லவில்லை.

கூடவே வீட்டுத் துக்கம். ஹன்னா, சார்லஸ் ட்ரெவெல்யன் என்ற அதிகாரியைத் திருமணம் செய்துகொண்டார். சில நாட்களில் இங்கிலாந்தில் இருந்த இன்னொரு தங்கை மார்கரெட் இறந்த செய்தி கப்பலில் வந்தது. இரண்டு தங்கைகள்தான் அவருக்கு உலகம்; கடைசிவரை திருமணம் செய்யவில்லை. கிரேக்க, லத்தீன் புத்தகங்களில் தலையைப் புதைத்துக்கொண்டு அந்த ஆண்டைக் கடந்தார்.

1838 தொடக்கத்தில் ஊருக்குக் கிளம்பினார். கரை இறங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு அப்பா ஸக்கரி இறந்துபோயிருந்தார்.

வரைவு? அது இந்தியாவில் தூங்கியது. நீதிபதிகளின் கருத்து, கருத்துக்கு மறுகருத்து, ஒரு திருத்தப் பதிப்பு என்று 20 ஆண்டுக்கு மேல் ஃபைல் நகர்ந்துகொண்டே இருந்தது.

சொந்தம் எத்தனை நாளைக்கு?

இங்கிலாந்துக்குப் போன பிறகு எடின்பரோ எம்.பி., போர்த்துறைச் செயலர் என்று அரசியல் தொடர்ந்தது. அதில் நம்ம தலைப்போடு ஒட்டுவது ஒன்று உண்டு: காப்புரிமை விவாதம். எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு வரை அவர் நூலுக்குக் காப்புரிமை வேண்டும் என்று 1841-ல் ஒரு மசோதா வந்தது. ஏற்கெனவே பெரிய எழுத்தாளரான மெக்காலே ஆதரிப்பார் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். எதிர்த்தார். காப்புரிமை என்பது எழுத்தாளருக்குச் சோறு போடுவதற்காக வாசகர்மேல் விதிக்கும் வரி, தேவைக்குமேல் நீட்டக் கூடாது, வாரிசுகள் கையில் சிக்கி நல்ல நூல்கள் முடங்கும் என்று வாதாடினார். மசோதா தோற்றது. அடுத்த ஆண்டு வந்த சட்டத்தில் அவர் சொன்ன 42 ஆண்டு கணக்கு இடம்பெற்றது.

வேடிக்கை என்னவென்றால், 1853-ல் ஒரு பதிப்பாளர் அவருடைய நாடாளுமன்ற உரைகளை அனுமதி இல்லாமல் பிழைகளோடு புத்தகமாகப் போட்டார். கடுப்பான மெக்காலே, சரியான பதிப்பைத் தானே உட்கார்ந்து தயாரித்து அடுத்த ஆண்டு வெளியிட வேண்டியதாயிற்று.

இங்கிலாந்து வரலாறு என்ற அவருடைய பெரிய நூலின் முதல் இரண்டு பாகங்கள் 1848-ல் வந்தன. அடுத்த இரண்டு 1855-ல். விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. பதிப்பாளர் லாங்மன் ஒரே காசோலையில் 20,000 பவுண்டு கொடுத்தார். கல்கத்தாவில் இரண்டு ஆண்டு சம்பளம்! 1857-ல் பிரபுப் பட்டம் கிடைத்தது. அதற்குள் இதயம் பலவீனமாகிவிட்டது.

1859-ல் ஹன்னாவின் கணவர் ட்ரெவெல்யன் மெட்ராஸ் ஆளுநராக வந்துவிட்டார். ஹன்னாவும் சீக்கிரம் மெட்ராஸுக்குக் கப்பல் ஏற வேண்டும். அந்தப் பிரிவை நினைத்தே கடைசி மாதங்களில் உடைந்துபோயிருந்தார் மெக்காலே. பிரிவு வரவில்லை. டிசம்பர் 28 மாலை, லண்டன் வீட்டு நூலகத்தில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்தார். வயது 59. வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்தார்கள். அப்பாவின் நினைவுச் சிலையும் அதே அபேயில் இருக்கிறது. அதில் மண்டியிட்ட ஓர் அடிமையின் உருவம் செதுக்கியிருக்கிறது.

எழுதியவர் பார்க்காத சட்டம்

1857 கிளர்ச்சிக்குப் பிறகு ஆட்சி கம்பெனியிடமிருந்து ராணியிடம் போனது. பழைய ஃபைல் தூசு தட்டப்பட்டது. பார்ன்ஸ் பீகாக் என்பவர் திருத்தி முடிக்க, 1860 அக்டோபர் 6-ல் இந்தியத் தண்டனைச் சட்டம் நிறைவேறியது. மெக்காலே இறந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. 1862 ஜனவரி 1 முதல் அமல்.

உடைமைக் குறிக்கு இருந்த தனி அத்தியாயம் போய், ஆவணக் குற்றங்களோடு சேர்த்து 18-வது அத்தியாயமாக ஆனது. வணிக முத்திரை, அதாவது டிரேட்மார்க்கும் உள்ளே வந்தது. இங்கிலாந்தில் போலி டிரேட்மார்க்குக்கு எதிரான தனிச் சட்டம் வந்ததே 1862 ஆகஸ்டில்தான். அதற்கு முன்பே இங்கே அது குற்றம்.

டிரேட்மார்க்கும் உடைமைக் குறியும் ஒன்றா என்று குழம்ப வேண்டாம். சோப்பு மேல் இருக்கும் பிராண்டு பெயர், அதைச் செய்தது அல்லது விற்றது யார் என்று சொல்கிறது. காசு கொடுத்து வாங்கிய பிறகு சோப்பு உங்களுடையது, ஆனால் பிராண்டு பெயர் மாறாது. உடைமைக் குறி சொல்வது, இது யாருடைய பொருள் என்பதை மட்டும். வாசனைப் பொருள் வியாபாரம் தொடர்பான ஒரு வழக்கில் 1972-ல் உச்ச நீதிமன்றமும் இந்த வித்தியாசத்தை விளக்கியிருக்கிறது. டிரேட்மார்க் பிரிவுகள் 1958-ல் ஐபிசியிலிருந்து எடுக்கப்பட்டுத் தனிச் சட்டத்துக்குப் போய்விட்டன. இன்று போலி டிரேட்மார்க்குக்கு 1999-ம் ஆண்டுச் சட்டப்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. செல்போனின் ஐஎம்இஐ நம்பரை மாற்றுவதும் இந்தப் பிரிவில் வராது. அதற்கு 2023 தொலைத்தொடர்புச் சட்டம், 3 ஆண்டு வரை சிறை.

2023 ஆகஸ்டில் காலனியச் சுவடுகளை நீக்கும் முயற்சி என்று சொல்லிப் புதிய மசோதாக்கள் நாடாளுமன்றத்துக்கு வந்தன. டிசம்பரில் நிறைவேறின. 511 பிரிவுகள் 358 ஆகச் சுருங்கின. தேசத்துரோகப் பிரிவு போன்ற பெரிய இடங்களில் சொற்கள் மாறின. உடைமைக் குறி விஷயத்தில் கிட்டத்தட்ட எதுவும் மாறவில்லை. 479 முதல் 489 வரை சிதறிக் கிடந்தவை 345 முதல் 350 வரை அடுக்கப்பட்டன. சட்டப் புத்தகத்தின் அட்டையில் இருந்த பழைய குறியை அழித்துப் புதுக்குறி போட்டாயிற்று. உள்ளே சரக்கு பெரும்பாலும் அதேதான் என்பது என் கருத்து.

இந்த ஆறு பிரிவுகளையும் ஒரே மூச்சில் பார்த்துவிடலாம். உங்கள் பொருள் அடுத்தவருடையது என்று நம்பவைக்கிற பொய்க்குறி போட்டால் 1 ஆண்டு. அடுத்தவர் பயன்படுத்தும் குறியைப் போலியாகச் செய்தால் 2 ஆண்டு. அது அரசு ஊழியர் பயன்படுத்தும் குறி என்றால் 3 ஆண்டு. போலிக் குறி செய்ய அச்சு, தகடு வைத்திருந்தாலே 3 ஆண்டு வரை. போலிக் குறி உள்ள பொருளை விற்றால் 1 ஆண்டு. பெட்டிக்குள் இல்லாத சரக்கு இருப்பதாக மேலே குறி போட்டால் 3 ஆண்டு. கடைசியாக, நாம் பார்த்த சிதைத்தல், 1 ஆண்டு. எல்லாமே அதிகபட்சம்.

இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று இருக்கிறது. பொய்க்குறி போட்ட வழக்கில், ஏமாற்றும் எண்ணம் எனக்கு இல்லை என்று குற்றம்சாட்டப்பட்டவர்தான் நிரூபிக்க வேண்டும். விற்றவரும் அப்படித்தான், தேவையான எச்சரிக்கையோடு இருந்தேன், எங்கே வாங்கினேன் என்று கேட்டபோது தெரிந்ததைச் சொன்னேன் என்று காட்ட வேண்டும். பழைய பொருள் வாங்கி விற்பவர்கள் பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் 346-ல் அப்படி இல்லை. தீங்கு செய்யும் நோக்கம், அல்லது தீங்கு வரும் என்ற அறிவு இருந்ததை அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும்.

அதனால் லேப்டாப் ஸ்டிக்கர் வெயிலில் உரிந்து விழுந்தாலோ, துடைக்கும்போது கிழிந்தாலோ பயப்பட ஒன்றும் இல்லை. வேலையை விட்டுப் போகும்போது லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்காமல், கம்பெனி கண்டுபிடிக்கக் கூடாது என்று ஸ்டிக்கரைச் சுரண்டினால் கதை வேறு. அப்போது 346-ஓடு நம்பிக்கை மோசடிக் குற்றமும் சேர்ந்து வரலாம். அதற்குத் தண்டனை பல மடங்கு பெரியது.

346-ல் போலீஸ் வாரண்ட் இல்லாமல் கைது செய்ய முடியாது, மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் விசாரணையும் தொடங்க முடியாது. ஜாமீன் கிடைக்கும் குற்றம். உங்கள் பொருளின் குறியை யாராவது அழித்துவிட்டால், ஸ்டேஷனில் புகாரைப் பதிவு செய்துகொண்டு மாஜிஸ்திரேட்டிடம் போகச் சொல்வார்கள். போகும்போது குறி இருந்த காலத்துப் போட்டோ ஒன்று கையில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.